உயராத கை

தேசத்தின் வலிமை படைகளிலும் பொக்கிஷத்திலும் மட்டும் இல்லை. தேசத்து ஜனங்களின் தோளிலும் இருக்கிறது. ஏர் பிடிப்பதும், தறி நெய்வதும், பாரம் சுமப்பதும், குழந்தையைத் தூக்குவதும், கொடியை ஏற்றுவதும் தோளின் வேலையே. ஆபத்தில் உதவியவனைத் தோள் கொடுத்தவன் என்று புகழ்வது தமிழ் வழக்கு. அத்தோள் ஒரு நாள் காரணம் தெரியாமல் வலிக்கத் தொடங்கி, சில மாதங்களில் பூட்டுப் போட்டதுபோல் இறுகி, ஒன்றரை வருஷமோ இரண்டு வருஷமோ கை உயராமற் போகிறது என்றால், அஃது அற்ப விஷயமா? அற்ப விஷயம் என்றுதான் முதலாளி நினைக்கிறார், குடும்பத்தார் நினைக்கிறார்கள், சர்க்கார் நினைக்கிறது, ஆரம்பத்தில் நோயாளியும் அவ்வாறே நினைக்கிறான். அந்நினைப்பு தவறு என்று காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

காலை எட்டு மணிக்குத் தாம்பரம் ரயில் நிலையத்திற்கு வந்து பாருங்கள். 1931-ஆம் வருஷத்தில் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது முதல் இப்பக்கத்து ஜனங்களின் ஜீவனம் இத்தண்டவாளத்தின்மீதே நடந்து வருகிறது. உட்கார இடம் கிடைப்பவர் சிலர், நிற்பவரே பலர். நிற்பவர் மேலே தொங்கும் கைப்பிடியைப் பற்றியாக வேண்டும். அக்கூட்டத்தில் ஒரு கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, மறு கையால் மட்டும் கம்பியைப் பிடித்து, பின்னால் இருப்பவர் இடித்துவிடுவாரோ என்று அஞ்சி நிற்கும் நாற்பது ஐம்பது வயதுக்காரர் ஒருவரையாவது காணலாம். அவருக்கு வந்திருப்பது பெரும்பாலும் தோள் இறுக்கம். ஆங்கில வைத்தியர் இதனை "ப்ரோஸன் ஷோல்டர்" என்பர். உறைந்த தோள் என்பது பொருள். ஜப்பானியர் "ஐம்பது வயதுத் தோள்" என்றே இதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். வியாதி எந்த வயதில் வருகிறது என்பதை அப்பெயரே சொல்லிவிடுகிறது.

இதை எழுதுபவனும் அவ்வாறு நின்றவன்தான். மார்கழி மாதத்தில் ஒரு நாள் இடது தோளில் சிறு வலி கண்டது. கோணலாகப் படுத்திருப்போம் என்று எண்ணித் தைலம் தடவினேன். தை பிறந்தது, வலி போகவில்லை. மாசியில் இரவுத் தூக்கம் போயிற்று. அப்பக்கம் புரண்டால் தோளுக்குள் கத்தி செருகியது போலிருக்கும். பங்குனியில் தலையில் சொம்புத் தண்ணீர் ஊற்ற முடியவில்லை. சட்டையைக் கழற்ற மற்றொருவர் வேண்டும். வேஷ்டியைப் பின்புறம் இழுத்துச் செருகுவது பெரும் பிரயத்தனமாயிற்று. சந்நிதியில் எல்லோரும் தலைக்குமேல் கை குவிக்கையில் நான் மார்போடு நிறுத்திக்கொண்டேன். சுளுக்கு என்று சொல்லி ஒருவர் கையைப் பிடித்துச் சுண்டி இழுத்துவிட்டார். அதன்பின் பத்து நாள் பட்ட வேதனை சொல்லத் தரமன்று. மூன்று இடங்களில் வலி மாத்திரை தந்தார்கள். நான்காவதாகப் பார்த்த வைத்தியர் ஒருவர்தான், தோளைத் தொடுமுன் "சர்க்கரை பார்த்தீர்களா?" என்று கேட்டார். பார்த்ததில்லை. பார்த்தபோது, வெறும் வயிற்றில் 168 மில்லிகிராம் இருந்தது. 126-ம் அதற்கு மேலும் நீரிழிவு. என்னிடம் எத்தனை வருஷமாகவோ குடியிருந்த வியாதியை என் தோள்தான் எனக்குக் காட்டிக் கொடுத்தது.

என் சொந்தக் கதையைச் சொல்லக் காரணம் இதுவே. இது எனக்கு மட்டும் நேர்ந்ததன்று.

வியாதியின் இயல்பு

தோள் மூட்டு நமது தேகத்தில் எல்லாப் பக்கமும் சுழலும் மூட்டு. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை ஓர் ஆழமற்ற குழியில் பொருந்தியிருக்கிறது. இவ்விரண்டையும் சுற்றி ஒரு மெல்லிய உறை உண்டு. சுகமாயிருக்கையில் அவ்வுறை தளர்ந்து, மடிப்பு மடிப்பாக இருக்கும். ஆகவேதான் கை தாராளமாக உயர்கிறது. தோள் இறுக்கத்தில் இவ்வுறை முதலில் அழற்சி அடைகிறது. பின்பு தடித்து, சுருங்கி, தழும்பு போலாகிறது. சட்டை துவைத்துச் சுருங்கினால் கை நுழையாதது போல, உறை சுருங்கியதும் எலும்பு அசைய இடமின்றிப் போகிறது.

1872-ஆம் வருஷத்தில் பிரெஞ்சு வைத்தியர் துய்ப்ளே இதனை ஒரு தனி வியாதியாக வர்ணித்தார். 1934-இல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ரண வைத்தியர் காட்மன் உறைந்த தோள் என்று பெயரிட்டார். 1945-இல் நெவியாஸர் என்பவர் மூட்டின் உறையிலேயே கோளாறு இருப்பதை எடுத்துக் காட்டினார். ஆயினும் அவ்வுறை ஏன் சுருங்கத் தொடங்குகிறது என்ற கேள்விக்கு முழு விடை இன்றளவும் கிடைத்தபாடில்லை.

வியாதி மூன்று பருவங்களாக நடக்கும். முதற் பருவத்தில் வலி மிகும். அசைவு குறைந்துகொண்டே வரும். இது சில வாரங்கள் முதல் ஒன்பது மாதம் வரை. இரண்டாம் பருவத்தில் வலி தணியும். ஆனால் இறுக்கம் நிலைத்திருக்கும். நான்கு முதல் பன்னிரண்டு மாதம். மூன்றாம் பருவத்தில் இறுக்கம் மெள்ள மெள்ள இளகும். இதற்கு ஆறு மாதமும் ஆகலாம், இரண்டு வருஷமும் ஆகலாம். நூறு பேரில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு ஆயுளில் இது வருகிறது என்பது பொதுவான கணக்கு. ஸ்திரீகளுக்குச் சற்று அதிகம். தைராய்டு சுரப்பிக் கோளாறு உள்ளவர்களுக்கும், அறுவையாலோ அடிபட்டோ கையை நெடுநாள் அசைக்காமல் வைத்திருந்தவர்களுக்கும் அபாயம் கூடும். எல்லாரிலும் மேலாக நீரிழிவுக்காரருக்கே இது அதிகம். அவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் இவ்வியாதி காண்கிறது என்று ஆராய்ச்சிகள் கூறுகின்றன. இரத்தத்திலுள்ள மிகையான சர்க்கரை, உறையின் நார்களோடு பிணைந்து அவற்றை விறைக்கச் செய்கிறது என்று கருதுகிறார்கள்.

இவ்விடத்தில்தான் விஷயம் தனி மனிதனுடைய தோளைக் கடந்து தேசத்தின் விஷயமாகிறது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்தாரும் இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து நடத்தி, 2023-இல் வெளியிட்ட பரிசோதனை முடிவின்படி, பாரத நாட்டில் நீரிழிவுக்காரர் 10 கோடியே 10 லட்சம் பேர். வயது வந்தோரில் இது 11.4 சதவிகிதம், தமிழ்நாட்டிலோ 14.4 சதவிகிதம். இவர்களில் பத்தில் ஒருவருக்குத் தோள் இறுகினாலும் ஒரு கோடிக் கைகள் உயராமற் போகும். எந்தத் தேசம் ஒரு கோடிக் கைகளை இழக்கச் சம்மதிக்கும்?

யார் கை?

கை உயரவில்லையானால் கணக்கு எழுதுபவர் ஒருவாறு சமாளிக்கலாம். சேலையூரிலும் மாடம்பாக்கத்திலும் வீட்டு வேலைக்குப் போகும் அம்மாள் சமாளிக்க முடியுமா? துணி பிழிந்து கொடியில் உலர்த்த வேண்டும்; பரண்மேல் பாத்திரம் எடுக்க வேண்டும். முடியாதென்றால் வேறோர் ஆளை வைத்துக்கொள்வார்கள். சுவருக்கு வர்ணம் பூசுபவர், சாரம் கட்டுபவர், நெரிசலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து மறு கையால் டிக்கெட் கொடுக்கும் கண்டக்டர், தாம்பரம் ஏற்றுமதி மண்டலத்துத் தொழிற்சாலைகளில் நாள் முழுதும் கை நீட்டி வேலை செய்யும் பெண்கள் ஆகிய இவர்களுக்குத் தோளே முதல். அம்முதல் போனால் வட்டியும் இல்லை, கூலியும் இல்லை.

இன்னொரு கொடுமையும் உண்டு. காலில் கட்டுப் போட்டவனுக்கு எல்லோரும் இடம் விடுவார்கள். தோள் இறுகியவனுக்கு வெளியே தெரியும் அடையாளம் ஒன்றுமில்லை. எக்ஸ்ரே படம் எடுத்தாலும் பெரும்பாலும் பழுது தெரியாது. "படத்தில் ஒன்றுமில்லையாமே!" என்று மேஸ்திரி ஏளனம் செய்கிறார். பின்னல் போடக் கை எட்டாமல், ரவிக்கை மாட்டப் பெண்ணின் உதவியை நாடும் தாயாருக்கு, "வயசாயிற்று, அப்படித்தான்" என்ற ஒரே மருந்துதான் வீட்டில் கிடைக்கிறது. இரவெல்லாம் விழித்திருந்து, விடியற்காலையில் அடுப்பு மூட்டும் அவ்வம்மையாரின் கண்ணீரை எந்தப் புள்ளி விவரமும் கணக்கெடுத்ததில்லை.

சிகிச்சை என்ன?

முதலாவது, இது தோள் இறுக்கந்தானா என்று அறிய வேண்டும். முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி வைத்து, முன்கையை வெளிப்புறம் திருப்பிப் பாருங்கள். தானாகவும் திரும்பவில்லை, மற்றொருவர் மெள்ளத் திருப்பினாலும் திரும்பவில்லை என்றால் இவ்வியாதி என்று சந்தேகிக்க இடமுண்டு. தானாக உயராத கை மற்றவர் தூக்கினால் உயருமாயின், தசைநார் கிழிந்திருக்கலாம். அது வேறு வியாதி. இடது தோள் வலியோடு மார்பு அழுத்தமும், வியர்வையும், மூச்சுத் திணறலும் கண்டால் அது தோள் வியாதியன்று, இருதய விஷயம், ஒரு நிமிஷமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஜுரமும் வீக்கமும் சேர்ந்து வந்தாலும் தாமதம் கூடாது.

இரண்டாவது, பலாத்காரம் உதவாது. 2004-இல் ஹாலந்து தேசத்து ஆராய்ச்சியாளர் இருவர் 77 நோயாளிகளின் சரித்திரத்தை வெளியிட்டார்கள். ஒரு பகுதியாரை வலி தாங்கும் எல்லைக்குள் மெள்ள அசைக்கச் செய்தார்கள். மற்றப் பகுதியாரை வலியையும் பொருட்படுத்தாமல் இழுத்துப் பயிற்றினார்கள். இரண்டு வருஷ முடிவில் மெள்ள அசைத்தவர்களில் 89 சதவிகிதத்தினர் ஏறக்குறையப் பழைய நிலையை அடைந்தார்கள். இழுத்துப் பயின்றவர்களில் 63 சதவிகிதத்தினரே அடைந்தார்கள். பொறுமைக்கு இதைவிட நல்ல அத்தாட்சி வேண்டுமா? சுண்டி இழுத்துச் சுளுக்கெடுப்போர் இதனை அறிய வேண்டும்.

பொறுமை வேறு, சோம்பல் வேறு என்பதையும் மறக்கலாகாது. வலிக்கிறதென்று கையைத் துணியில் கட்டி வைப்பவன் இறுக்கத்தை வளர்க்கிறான். செய்ய வேண்டியவை எளியவை. மேஜையைப் பிடித்துக் குனிந்து, நோயுற்ற கையைத் தொங்கவிட்டுக் கடிகாரத்தின் ஊசல் போல ஆட்டுவது ஒன்று. இது காட்மன் பெயராலேயே வழங்குகிறது. சுவரில் விரல்களால் ஏறுவது மற்றொன்று. எட்டிய இடத்தில் கரிக்கோடு போட்டால் அடுத்த வாரம் ஓர் அங்குலம் ஏறியதைக் காணலாம். துண்டை முதுகுக்குப் பின்னால் இரு கையாலும் பிடித்து, நல்ல கையால் மற்றதை மேலே இழுப்பது மூன்றாவது. நிலைவாசலின் மேல் ஒரு கப்பியும் கயிறும் கட்டி, ஒரு கை இறங்க மறு கை ஏறச் செய்வது நான்காவது. பழைய கிணற்றுக் கப்பி இருந்தால் செலவும் இல்லை. வெந்நீர் ஒத்தடம் பத்து நிமிஷம் கொடுத்தபின், தினம் மூன்று வேளை இவற்றைச் செய்ய வேண்டும். வலி மிகுந்த முதற் பருவத்தில் ஊசலாட்டத்தோடு நிறுத்திக்கொள்வது நலம்.

ஆரம்பத்தில் மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைத் தணித்துத் தூக்கம் தரும். ஆனால் நீரிழிவுக்காரருக்குச் சில நாள் சர்க்கரை ஏறும். வைத்தியரிடம் கேட்டு, அடிக்கடி பரிசோதித்துக்கொள்ள வேண்டும். நெடுநாள் இளகாத தோளுக்கு, மயக்க மருந்து கொடுத்துக் கையை அசைத்து விடுவித்தலும், துளை வழியாக உறையை அறுத்துத் தளர்த்தலும் உண்டு. பிரிட்டனில் 35 ஆஸ்பத்திரிகளில் 503 நோயாளிகளை வைத்துச் செய்த பெரிய சோதனையின் முடிவு 2020-இல் வெளியாயிற்று. ஊசியோடு கூடிய தேகப் பயிற்சிச் சிகிச்சை, மயக்கத்தில் அசைத்தல், அறுவை ஆகிய மூன்றில் எதுவும் ஒரு வருஷ முடிவில் மற்றவற்றைவிடத் தெளிவாக மேலானதாகத் தோன்றவில்லை. ஆகவே, அறுவை ஒன்றே வழி என்று பயமுறுத்துவோரிடம் காரணம் கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு.

தானே சரியாய்ப் போகும் என்று சொல்லிக் கைவிடுவதும் நியாயமன்று. 1992-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், 62 பேரைச் சராசரி ஏழு வருஷம் கழித்துப் பார்த்தபோது, பாதிப் பேருக்கு ஏதோ கொஞ்சம் வலியோ இறுக்கமோ மிச்சமிருந்தது. பெரும்பாலோர் காரியம் செய்யத் தக்கவராகிறார்கள். எல்லோரும் பூரண குணமடைவதில்லை.

நமது சித்த வைத்தியர்கள் இவ்வியாதியைக் கும்பவாதம் என்பர். யூகி முனிவர் பெயரால் வழங்கும் நூல் வாத நோய்களை எண்பதாக வகுத்திருக்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் 2005-ஆம் வருஷம் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும், அயோத்திதாச பண்டிதர் பெயர் தாங்கிய அதன் ஆஸ்பத்திரியிலும் தைலமும் தொக்கணமும் நாடி வருவோர் பலர். பயிற்சி பெற்ற கையின் இதமான தடவுதல் ஆறுதல் தரும் என்பது அனுபவம். சுதேச வைத்தியம் என்பதற்காகக் கண்ணை மூடிப் புகழ்வதும், சுதேச வைத்தியம் என்பதற்காகவே இகழ்வதும் அறிவுடைமையாகா. எம்முறையானாலும் சர்க்கரையைப் பார்க்காமல் தோளை மட்டும் பார்ப்பது வேரை விட்டு இலைக்கு நீர் ஊற்றுவதே.

காட்மன் கேட்ட கேள்வி

வியாதிக்குப் பெயரிட்ட காட்மன் மற்றொரு விதத்திலும் நமக்கு ஆசான். ஒவ்வொரு ஆஸ்பத்திரியும், தான் சிகிச்சை செய்து அனுப்பிய ஒவ்வொரு நோயாளியும் பின்னர் என்ன ஆனான் என்று விசாரித்துப் பகிரங்கமாக வெளியிட வேண்டும் என்று அவர் வாதாடினார். பாஸ்டனின் பெரிய ஆஸ்பத்திரி இணங்கவில்லை. 1914-இல் அவர் அங்கிருந்து ராஜினாமாச் செய்தார். தமது சொந்தச் சிறு ஆஸ்பத்திரியில் 1911 முதல் 1916 வரை 337 நோயாளிகளுக்குச் செய்த சிகிச்சையில் 123 பிழைகள் நேர்ந்தன என்று அவரே அச்சிட்டு வெளியிட்டார். சகாக்கள் விலகினார்கள், வருமானம் குறைந்தது, 1940-இல் வறுமையில் மாண்டார். உண்மை சொன்னவனுக்கு உலகம் தரும் கூலி அது. ஆனால் அவர் கேட்ட கேள்வி மாளவில்லை.

அக்கேள்வியை இங்கும் கேட்போம். 2021-ஆம் வருஷம் ஆகஸ்டு 5-ந் தேதி மாகாண சர்க்கார் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" என்னும் திட்டம் நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கு மருந்தை வீடு தேடிக் கொடுப்பதோடு, இயன்முறைச் சிகிச்சையும் வீட்டிலேயே தர ஏற்பாடு செய்தது. திட்டம் போற்றத்தக்கது. அதனோடு சிலவற்றைச் சேர்க்கக் கோருகிறோம். சர்க்கரை மாத்திரை கொடுக்க வரும் ஊழியர், "இரு கையையும் தலைக்குமேல் தூக்குங்கள், முதுகுக்குப் பின்னால் கட்டுங்கள்" என்று சொல்லிப் பார்க்க அரை நிமிஷம் போதும். தோள் வலியோடு வருபவர் யாவருக்கும் இரத்தச் சர்க்கரை பார்க்காமல் மாத்திரை எழுதுவதில்லை என்று ஒவ்வொரு வைத்தியசாலையும் விதி செய்துகொள்ளட்டும். ஏழு மணி ரயிலில் இறங்கும் தொழிலாளிக்குக் காலைச் சிகிச்சையால் பயனில்லை. தாம்பரம் மாநகராட்சியின் சுகாதார நிலையங்களில் மாலை வேளையிலும் இயன்முறைச் சிகிச்சையாளர் இருக்க வேண்டும். கை உயராத மாதங்களில் தாழ்ந்த மேஜை வேலையை மாற்றித் தருவது முதலாளிக்குப் பெரிய நஷ்டமன்று. ஆறு மாதத்தில் எத்தனை கைகள் உயர்ந்தன என்ற கணக்கையும் பகிரங்கமாக வெளியிடட்டும்.

நீண்டகால வியாதிக்கு நிதானம் வேண்டும் என்பதை இவ்வூர் முன்னமே கற்றிருக்கிறது. 1928-இல் டாக்டர் சௌரிமுத்து இவ்வனாந்தரத்தில் பன்னிரண்டு படுக்கைகளோடு க்ஷயரோக சானடோரியத்தைத் தொடங்கினார். கணித மேதை ராமானுஜனுக்கு இங்கிலாந்தில் சிகிச்சை செய்தவரும் அவரே. காற்று, வெளிச்சம், உணவு, ஓய்வு, காலம் ஆகியவற்றை நம்பி நோயாளிகள் மாதக் கணக்கில் இங்கே காத்திருந்தார்கள். 1937-இல் சர்க்கார் அதனை ஏற்றது. இன்று அது நெஞ்சக நோய்களுக்கான பெரிய ஆஸ்பத்திரி. பன்னிரண்டு படுக்கையில் பிறந்த காரியம் வளரக் கண்ட ஊருக்கு, அரை நிமிஷச் சோதனை ஒரு பாரமாகுமா?

தேசத் தொண்டர்களே! உங்கள் கூட்டங்களில் தீர்மானத்திற்குக் கை தூக்கச் சொல்லும்போது, தூக்க மனமிருந்தும் தூக்க முடியாதவர் எத்தனை பேர் என்று ஒரு முறை பாருங்கள். உங்கள் தெருவில் அத்தகையோரை விசாரியுங்கள்; சர்க்கரை பார்க்க அழைத்துச் செல்லுங்கள்; ஒரு கப்பியும் கயிறும் கட்டிக் கொடுங்கள். இதுவும் தேச சேவையே.

என் சங்கதியைச் சொல்லி முடிக்கிறேன். ஆவணியில் இரவு வலி விட்டது. மறு சித்திரையில் கை தலையைத் தொட்டது. சுவரில் கரிக்கோடுகள் ஏணிப்படி போல் ஏறின. ஐப்பசியில், இருபத்திரண்டு மாதத்திற்குப் பின், குரோம்பேட்டை நிலையத்தில் வண்டி குலுங்கி நின்றபோது, நினையாமலே இடது கை மேலெழுந்து கைப்பிடியைப் பற்றியது. பற்றிய பின்புதான் நான் அதைக் கவனித்தேன். முதுகுக்குப் பின்னால் அது இன்றும் முழுதும் போவதில்லை. போகாவிட்டாலும் சர்க்கரைக் கணக்கை நான் மறவாதிருக்க அது உதவுகிறது. இழந்த சுதந்திரம் ஒரே நாளில் வருவதில்லை என்பதை இத்தேசம் அறியும். தோளின் சுதந்திரமும் அப்படியே. தினம் ஓர் அங்குலமாகத்தான் வருகிறது. வந்தே தீரும் என்ற நம்பிக்கையோடு உழைப்பவனுக்கு வருகிறது.